உனக்கும் சேர்த்து

என் கணவர் என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போடுவார். அவசரத்தில் எனக்குக் கடைசி எழுத்து நசுங்கிப்போகும். அவர் போட்டால் அந்தச் சுழியும் அதற்குக் கீழே இழுக்கிற கோடும் அச்சடித்த மாதிரி நிற்கும். மகளின் மதிப்பெண் அட்டையில் ஆரம்பித்த பழக்கம். பிறகு வங்கிப் படிவம், குடியிருப்புச் சங்கத்தின் வருகைப் பதிவு, கூரியர்காரர் நீட்டுகிற சீட்டு என்று எல்லாவற்றுக்கும் பரவியது. "உனக்கும் சேத்துப் போட்டுட்டேன்" என்பார், பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு. ஓட்டலில் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் எனக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்வார். இப்படி இருபத்தாறு வருஷம். வேலை மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் மேலே போனால் நானும் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியில் இன்னொன்று இருக்கும். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியைப் பக்கத்து இருக்கையிலிருந்தே நிறுத்திப் பழகிய மனுஷர். எங்கள் மகள் அவருக்கு 'டபுள் பிரேக்' என்று பட்டப்பெயர் வைத்தாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மரியாதைக்கு மட்டும் எங்கள் வீட்டில் குறைச்சல் கிடையாது. அவர் என்னை நீ என்பார், நான் அவரை நீங்கள் என்பேன். எவ்வளவு கோபம் வந்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' ஒட்டாமல் எனக்குத் திட்ட வராது. "வாய மூடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுகிற ஜாதி நான்.

எனக்கு வேலை ரத்த வங்கியில். ஒரு ரத்தப் பை எங்கள் ஜன்னலைத் தாண்டி வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பையின் எண், ரத்த வகை, காலாவதித் தேதி, நோயாளியின் மாதிரியோடு ஒத்துப்போகிறதா இல்லையா. பார்த்தவர்தான் கையெழுத்துப் போடலாம். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, அதன் மேலேயே எழுதக் கூடாது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, தேதி, நேரம், திருத்தியவர் கையெழுத்து. தோழி டீ குடிக்கப் போயிருக்கிறாள் என்று அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணை, அவள் அழ அழ, வேறு பிரிவுக்கு மாற்ற வைத்தவள் நான். அங்கே அவ்வளவு கறார். வீட்டில் என் பெயர் அவர் பேனாவிலிருந்து விழுந்துகொண்டிருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

மலைப்பாதையில் நடப்பது என் ஆசை. என்னுடையது மட்டும். ரத்த வங்கியில் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்தப் பாதையின் வரைபடத்தை ஆறு வருஷம் ஒட்டி வைத்திருந்தேன். இருபத்திரண்டு நாள் நடை. மூன்றாவது நாளோடு மரங்கள் முடிந்துவிடும். அப்புறம் புல், கல், பனி. வழியில் பதினோரு குடில்கள். மற்ற இரவுகளில் நம் கூடாரம்தான். போனில் சிக்னல் கிடைக்காது. ஒவ்வொரு குடிலின் வாசலிலும் ஒரு மேஜை, அதில் ஒரு பதிவேடு. பெயர், வந்த நேரம், எங்கிருந்து, எத்தனை பேர், கையெழுத்து. 'நடப்பவர் தாமே எழுத வேண்டும்' என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பில் அச்சடித்திருப்பார்கள். மாலை ஐந்து மணிக்குக் குடில் காப்பாளர் அதைப் பார்த்து வயர்லெஸ்ஸில் கீழே இருக்கும் அலுவலகத்துக்குப் படித்துச் சொல்வார். வர வேண்டிய பெயர் வரவில்லை என்றால் அந்த இடத்திலிருந்து தேட ஆரம்பிப்பார்கள். அந்த மலையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அந்த ஒரு புத்தகத்துக்குத்தான் தெரியும். பதினோரு பதிவேட்டிலும் உங்கள் கையெழுத்து இருந்தால்தான் பாதையை முடித்தவர் நீங்கள்.

தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், உனக்கும் சேர்த்து நானே அனுப்பிவிட்டேன் என்றார். விண்ணப்பதாரர் அவர். உடன் வருபவர் நான். பெட்ரோல் பங்குக்குக்கூட நடந்து போகாத மனுஷர். உன்னைத் தனியாக விட்டுவிட்டு எனக்கு இங்கே சோறு இறங்குமா என்று கேட்டார். அடுப்படிக்குப் போனேன். பாத்திரம் உருண்டது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அவர் நன்றாகத்தான் நடந்தார். நாலு மாதம் பயிற்சி எடுத்தார். முதல் நாளிலிருந்து அவர்தான் முன்னால், நான் நூறடி பின்னால். கூடாரம் அவர் பையில், அடுப்பும் சாப்பாடும் என் பையில். முதல் ஐந்து குடில்களிலும் என் பெயரை நானே எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். நான் வேண்டுமென்றே மெதுவாக எழுதுவேன். ஐம்பது வயதில் தன் பெயரைத் தானே எழுதுவதில் இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது.

பதினான்காம் நாள், பாதையிலேயே உயரமான கணவாயைத் தாண்ட வேண்டும். தாண்டி இறங்கினால் ஆறாவது குடில். அங்கே எட்டுப் பலகைக் கட்டில்கள்தான் உண்டு. முதலில் பதிவேட்டில் எழுதுகிற எட்டுப் பேருக்குக் கட்டில், மிச்சப் பேருக்குச் சாமான் அறையின் தரை. முந்தின நாளிலிருந்தே இவருக்கு இதே பேச்சு. எத்தனை பேர் நமக்குப் பின்னால் வருகிறார்கள், அதில் எத்தனை பேர் வேகமாக நடப்பவர்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னே கூடாரத்தைச் சுருட்டினோம். பாதி ஏற்றத்தில் என் இடது பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. பிளந்த வாய்க்குள் சரளைக்கல் போகிறது. உட்கார்ந்து நைலான் கயிற்றால் சுற்றிக் கட்ட ஆரம்பித்தேன். அவர் நின்றபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீ கட்டிட்டு மெதுவா வா. நான் முன்னாடி போய் இடம் பிடிக்கிறேன்."

"அரை மணி நேரம் நில்லுங்க. கணவாய்ல தனியாப் போகக் கூடாதுன்னு போர்டே வச்சிருக்காங்க."

"வழி ஒண்ணுதான். என்ன பயம்?" என்றார். போய்விட்டார். வளைவு திரும்பும்போது கையை ஆட்டினார். நானும் ஆட்டித் தொலைத்தேன்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது கணவாயின் உச்சியில் நின்றேன். தனியாக. கண்ணுக்கெட்டிய வரை யாரும் இல்லை. சீக்கிரம் என்று சொல்ல ஆள் இல்லை. அந்தப் பத்து நிமிஷம்தான் நான் ஆறு வருஷமாக அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தது. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மேகம் கீழிருந்து ஏறி வந்தது. வழிகாட்டுகிற கற்குவியல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்றைத் தவறவிட்டேன். அடுத்தது என்று நினைத்து நான் போய்த் தொட்டது வெறும் பாறை. இடது பக்கச் சரிவில் தப்பாக இறங்கிவிட்டேன் என்று புரிவதற்குள் ஈரச் சரளையில் கால் வழுக்கி, இருபதடி சறுக்கி, ஒரு பாறைத் திட்டில் போய் நின்றேன். வலது கணுக்கால் பிசகி, நின்றால் உயிர் போகிறது. திட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கல்லை உருட்டினேன். அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அசையக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த இரவைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. ஸ்லீப்பிங் பேக் இருந்தது, கூடாரம் இல்லை. நடுங்கினேன், விடிந்தது. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மணி ஐந்தானதும் காப்பாளர் பதிவேட்டைத் திறப்பார். அதில் என் பெயர் இருக்காது. இல்லையென்றதும் கணவாய்ப் பக்கம் ஆள் வரும். அந்தப் புத்தகத்தில் என் பெயர் இல்லாமல் இருப்பதில்தான் என் உயிர் இருந்தது. ஏழு மணிக்கு வருவார்கள் என்று பார்த்தேன். எட்டுக்கு வருவார்கள் என்று பார்த்தேன். வெளிச்சமே வந்துவிட்டது, ஆள் வரவில்லை.

காலையில் மேகம் விலகியது. வெகு கீழே குடிலின் சிவப்புக் கூரை தெரிந்தது. அதற்கும் கீழே, பள்ளத்தில் ஓடுகிற ஆற்றில், ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஏழெட்டுப் பேர் நீண்ட கம்புகளால் தண்ணீரைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய முதுகும் என் பக்கம். யாரோ ஆற்றில் விழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம், அதனால்தான் என்னிடம் வரத் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே பரிதாபப்பட்டேன். யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன். அப்புறம் விசிலை எடுத்து ஊதினேன். உதடு வெடிக்கிற வரைக்கும் ஊதினேன். ஆற்றின் இரைச்சலில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

ஒன்பது மணிக்குமேல் பொறுமை போய்விட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் திட்டின் ஓரமாக இறங்க ஒரு வழி இருந்தது. கணுக்காலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பையை முன்னால் தள்ளிவிட்டு, உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. பதினோரு மணி வாக்கில் ஆரஞ்சு மேலங்கிக்காரர்கள் இரண்டு பேர் எதிரே ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் என்னைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

"நீங்க ஆத்துல விழலையா?"

"எந்த ஆத்துல?" என்றேன்.

அவர் என் பையைப் பார்த்தார், கூட வந்தவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி என்னைக் கீழே கொண்டுவந்தார்கள். குடில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று நாற்பது. என் கணவர் ஓடி வந்தார். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார், அது நிஜம்.

"எங்க போய்த் தொலஞ்ச? எனக்கு உயிரே போயிடுச்சு" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மன்னிச்சுக்குங்க" என்றேன். கால் வீங்கி, உதடு வெடித்து, ஒரு ராத்திரி முழுக்கப் பாறைமேல் கிடந்துவிட்டு வந்தவள், தொலைந்துபோனதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இதை நினைக்கும்போதுதான் அவர்மேல் இருப்பதைவிட என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உள்ளே அடுப்புப் பக்கத்தில் காப்பாளர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி. வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த தொட்டியில் இரண்டு காலையும் வைத்திருந்தார். கால் விரல்கள் மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தன. எனக்கு டீ கொடுக்கச் சொன்னார், என் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார், எலும்பு முறியவில்லை என்றார். பிறகு என் கணவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேத்து நீங்க இங்க வந்தீங்களா?"

"இந்த வாசப்படியையே இப்பதான் பாக்கறேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கையை நீட்டி மேஜையிலிருந்து பதிவேட்டை எடுத்து என் மடியில் வைத்தார். நேற்றைய தேதி. என் கணவர் பெயர், பன்னிரண்டு நாற்பது, எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு. அதற்கு அடுத்த வரியில் என் பெயர், அதே பன்னிரண்டு நாற்பது. கடைசியில் என் கையெழுத்து. நசுங்காத சுழி, கீழே அழகான கோடு.

நடந்ததையெல்லாம் காப்பாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் கணவர் எழுதியபோது காப்பாளர் வெளியே தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். இவர் எழுதினார், நாலாம் எண் கட்டிலில் தன் சட்டையையும் ஐந்தாம் எண் கட்டிலில் தன் துண்டையும் போட்டார், படுத்துத் தூங்கிவிட்டார். ஐந்து மணிக்குக் காப்பாளர் பெயர்களைச் சத்தமாகப் படித்து, பதினோரு பேர், எல்லோரும் வந்தாயிற்று என்று வயர்லெஸ்ஸில் சொன்னார். அப்போது இவர் மூன்றடி தூரத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். என் பெயரைப் படித்தபோது தலையை வேறு ஆட்டினாராம்.

ஆறரை மணிக்கு, இருட்டப் போகிறது என்றதும்தான், மனைவியைக் காணோம் என்றிருக்கிறார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் பதிவேட்டில் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்பார்களே என்று பயந்து, வந்தாள், முகம் கழுவ ஆற்றுக்குப் போனாள், திரும்பவில்லை என்று சொல்லிவிட்டார். கீழே இருந்து தேடுகிறவர்களை வரவழைத்தார்கள். அவர்கள் வருவதற்குள் காப்பாளர் தானே தொடை வரை பனித்தண்ணீரில் இறங்கிக் கண் தெரிகிற வரை தேடினார். விடிந்ததும் மறுபடி இறங்கி, பத்து மணி வரை நின்றார். இரண்டு விரலில் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

"முகம் கழுவப் போறவங்க பன்னெண்டு கிலோ பையையா தூக்கிட்டுப் போவாங்கன்னு பத்து மணிக்குத்தாங்க எனக்கு உறைச்சுது. அஞ்சாம் நம்பர் கட்டில்ல வெறும் துண்டுதான் கிடந்துச்சு. உடனே ரெண்டு பேர மேல அனுப்பினேன்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அவருக்கும் சேர்த்து எனக்கு வந்தது.

யாரோ பாவம் என்று நான் மேலேயிருந்து பரிதாபப்பட்டது என்மேலேயே. நான் உயிரோடு உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருக்க, என் பிணத்தைக் கம்பால் துழாவிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நொண்டிக்கொண்டே கட்டில் அறைக்குள் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். ஐந்தாம் எண் கட்டிலில் அந்தத் துண்டு இன்னும் கிடந்தது. அதை எடுத்துக் கீழே எறிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

"நான் வேணும்னா செஞ்சேன்? உனக்குக் கட்டில் கிடைக்கணும்னுதானே..." என்று ஆரம்பித்தார்.

"அஞ்சு மணிக்கு அவங்க பேரு படிச்சப்ப ஏன் சொல்லல?"

"வாய் வரல. இதோ வந்துருவ, இதோ வந்துருவன்னு வாசலையே பாத்துட்டிருந்தேன். சொன்னா என்னை என்ன நினைப்பாங்க?"

"ஆத்துல போயிட்டான்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சுங்களா?"

அப்போதும் 'ங்களா'. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயந்துவிட்டேன், நிஜமாகவே பயந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு நிமிஷம் எனக்கு மனசு இளகத்தான் செய்தது. அந்த ஒரு நிமிஷத்தை அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். காப்பாளர் எழுதி வாங்கப் போகிறார், பதிவேட்டில் பொய் எழுதியது தெரிந்தால் தன் அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள், ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாயிற்று, பயிற்சிப் பள்ளி வாசலில் பேனர்கூட வைத்தாயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீ இங்க வந்துட்டு, எதையோ விட்டுட்டோம்னு திரும்ப மேல போனேன்னு ஒரு வரி எழுதிடு. ரெண்டு பேரும் ஒண்ணா முடிச்சிடலாம். ஒரு வரிதானே?"

இளகியது அப்படியே இறுகிவிட்டது. என்னை ஒருமுறை ஆற்றில் தள்ளிக் கொன்றது போதாதென்று, வழியில் எதையோ மறந்துவிட்டு வரும் மறதிக்காரியாகவும் ஆக்கப் பார்க்கிறார். அடுத்த அறையில் இவர் பொய்க்காக ஒரு பெண் காலைத் தொட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவருக்குப் பேனர் கவலை. கையை உருவிக்கொண்டு எழுந்து போனேன்.

காப்பாளரிடம் பேனா வாங்கினேன். நேற்றைய பக்கத்தில் என் பெயர் இருந்த வரியின் மேல், உள்ளே என்ன இருந்தது என்று தெரியும்படி, ஒரே ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் 'இது நான் எழுதியதல்ல' என்று எழுதினேன். இன்றைய தேதி, நேரம், என் கையெழுத்து. பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்தேன். என் பெயர். வந்த நேரம், ஒன்று நாற்பது. எங்கிருந்து, கணவாய். எத்தனை பேர் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. ஒன்று என்று எழுதினேன். கையெழுத்தின் கடைசி எழுத்து வழக்கம்போல் நசுங்கியது. அது நசுங்கியதைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. காப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, திருத்துவதற்கு இப்படி ஒரு முறை இருப்பது தெரியாது என்றார். எங்கள் ரத்த வங்கியில் இப்படித்தான் என்றேன்.

அன்று சாயங்காலம் வயர்லெஸ்ஸில் முடிவு வந்தது. பொய் எழுதியவரின் அனுமதி ரத்து, காலையில் தேடுதல் ஆட்களோடு அவர் கீழே இறங்க வேண்டும். எனக்குத் தடையில்லை. நாலு நாள் இங்கேயே காலுக்கு ஓய்வு கொடுத்தால், வீக்கம் வடிவதைப் பார்த்துவிட்டு, பின்னால் வரும் மூன்று பெண்கள் குழுவோடு போகலாம் என்று காப்பாளர் சொன்னார். பிளந்த பூட்ஸை ஒட்ட அவரிடம் பசை இருந்தது. எனக்கு லீவும் மிச்சம் இருந்தது. இதெல்லாம் என் கணவர் முன்னாலேயே பேசியதுதான். அவர் சூப் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஐந்தாம் எண் கட்டிலில் படுத்தேன். அவரைச் சாமான் அறையில் படுக்கச் சொன்னார்கள்.

காலையில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தேடுதல் ஆட்கள் முற்றத்தில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வாசலில் தயாராக நின்றார். முதுகில் அவருடைய பை. மார்பில், குழந்தையைத் தூக்கிக்கொள்வதுபோல், என்னுடைய பை. அடுப்பு, சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக் எல்லாவற்றையும் நான் தூங்கும்போதே எடுத்து அடுக்கிக் கட்டியிருக்கிறார்.

"உனக்கும் சேத்துக் கட்டிட்டேன். சீக்கிரம் வா, கிளம்பலாம்" என்றார். முகத்தில் அதே உபகாரம்.

மேஜைக்குப் பின்னால் காப்பாளர் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இரண்டு தாள்கள். பாதையிலிருந்து விலகுகிறவர்கள் எழுதிக் கொடுக்கிற படிவம். ஒன்றில் என் கணவர் பெயர். இன்னொன்றில் என் பெயர். காரணம் என்ற இடத்தில் 'உடல்நிலை, சொந்த விருப்பம்' என்று எழுதியிருந்தது. சொந்த விருப்பம்! கீழே சுழியும் கோடுமாக என் கையெழுத்து, மை இன்னும் காயவில்லை. காப்பாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் பெயர் இருந்த தாளை என்னை நோக்கித் திருப்பி, விரலை அந்தச் சுழியின்மேல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

இருபத்தாறு வருஷத்தில் ஒரு தலைமை ஆசிரியர் இதைக் கேட்கவில்லை. ஒரு வங்கிக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"இல்ல" என்றேன்.

காப்பாளர் அந்தத் தாளை மடித்து, அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டார். என் கணவர் ஒருமுறை அடுப்பைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இன்னும் ஒரு அடி முன்னால் வந்து, "பைத்தியக்காரத்தனம் பண்ணாத, வா" என்றார்.

முற்றத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"பையக் கீழ வை" என்றேன். "டென்ட்டையும் எடுத்து வை."